பாய்லர் மாமாவின் கிறிஸ்துமஸ் பிரியாணி

உலகத்தில் பிரியாணியைத் தீய்த்தவர்கள் கோடிப் பேர் இருப்பார்கள். ஆனால் ஒரு பிரியாணியைத் தீய்த்து, அந்தத் தீய்ச்சலுக்காக ஒரு முழு எஸ்டேட்டையே கிறிஸ்துமஸ் அன்று புதுத்துணியோடு மேட்டில் ஓட வைத்தவர் எங்கள் பாய்லர் மாமா ஒருவர்தான். எந்தக் கோயிலில் நிறுத்திக் கேட்டாலும் சத்தியம் செய்வேன். அந்த அண்டாவுக்குக் காவல் இருந்தவளே நான்தானே!

வண்டிப்பெரியாருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். ஒரே கூரையின் கீழ் வரிசையாக நிற்கும் தொழிலாளர் வீடுகளை நாங்கள் லயம் என்போம். அதில் அவருக்கு அடுத்த வீடு எங்களுடையது. ஞானஸ்நானத்தில் அவருக்கு வைத்த பெயர் கோயில் பதிவில் பத்திரமாக இருக்கலாம். ஊரில் ஒருவருக்கும் ஞாபகம் இல்லை. தேயிலை பாக்டரியில் பாய்லருக்கு விறகு தள்ளுகிற வேலை, அதனால் பாய்லர். பாக்டரி சங்கை ஊதுகிற சுவிட்சும் அதே அறையில்தான் இருந்தது. ஆயுசு முழுக்க ஒரு கையால் நெருப்பு மூட்டி, மறு கையால் சங்கு ஊதிய மனுஷன்.

அந்த இரண்டும் உடம்பில் ஊறிவிட்டன. மாமாவுக்குத் தெரிந்த தீ ஒன்றே ஒன்று, முழுத் தீ. தெரிந்த கடிகாரமும் ஒன்றே ஒன்று, சங்கு. தனக்கு ஷிப்ட் இல்லாத நாளில், வேலைக்குக் கிளம்பச் சொல்லும் சங்குக்கு முட்டையைத் தண்ணீரில் போடுவார். வேலை தொடங்கச் சொல்லும் சங்குக்குத்தான் எடுப்பார். நடுவில் அரை மணி நேரம். அந்த முட்டையை எங்கள் வீட்டு நாயிடம் போட்டேன். அது மோந்து பார்த்தது, என்னைப் பார்த்தது, எழுந்து போய்விட்டது.

ஒரு வருஷம் கேக் செய்கிறேன் என்று அலுமினியச் சட்டியில் மணலைக் கொட்டி, அதற்குள் கேக்கை வைத்து, அடியில் யூக்காலி விறகை அடைத்தார். கேக் வெந்ததா என்று இன்றுவரை தெரியாது. சட்டி உருகிவிட்டது. அன்றோடு ரோசம்மா அத்தை, அதாவது அவருடைய சம்சாரம், உத்தரவு போட்டுவிட்டார்: "இனி அடுப்படிப் பக்கம் வந்தீங்க, நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிருவேன்." மாமா ரிட்டயரான பிறகும் அந்த உத்தரவு அப்படியே நின்றது. கொளுந்து எடுக்கப் போகும் முன் அத்தையே சமைத்து மூடி வைத்துவிட்டுப் போவார்.

போன டிசம்பரில் அத்தை மழையில் சறுக்கி விழுந்து வலது கையை ஒடித்துக்கொண்டார். மாவுக்கட்டோடு கட்டிலில் கிடக்கிறார். கிறிஸ்துமஸ் வருகிறது. அதுவும் சாதாரணக் கிறிஸ்துமஸ் இல்லை.

அவர்களுடைய மகன் சேவியர் அதே பாக்டரியில் வேலை பார்க்கிறான். அவன் கட்டிக்கொண்டது ஜின்சியை. கோட்டயம் பக்கத்துப் பெண், வண்டிப்பெரியாரில் ஆஸ்பத்திரி நர்ஸ். அவளுடைய அப்பா, அவள் பாஷையில் அப்பச்சன், ரப்பர் தோட்டக்காரர். லயத்துப் பையனுக்கா பெண்ணைக் கொடுப்பது என்று குதித்தவர். கல்யாணத்துக்கு வந்தார், தாலி கட்டியதும் காரில் ஏறிவிட்டார். அதற்குப் பிறகு இந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அந்த வருஷம் ஜின்சி அழுது, சண்டை போட்டு, போனில் பேசாமல் இருந்து, எப்படியோ சம்மதிக்க வைத்துவிட்டாள். அதிலும் ஒரு கண்டிஷன்: "ஒரு சாயா மதி. ஊணு வேண்டா. குடிச்சிட்டு உடனே எறங்கும்." சாயா மட்டும் போதும், சாப்பாடு வேண்டாம், உடனே கிளம்பிவிடுவாராம்.

குழாயடியில் ஜின்சி என்னிடம் சொன்னாள்: "சேச்சி, அப்பச்சன் இந்த வீட்ல ஒரு வாய் சாப்பிட்டாப் போதும். எனக்கு வேற ஒண்ணும் வேண்டா." சொல்லும்போதே கண் நிறைந்துவிட்டது. குடத்தை வைத்துவிட்டு அவளைத் தேற்ற வேண்டியதாகிவிட்டது.

கிறிஸ்துமஸ் அன்றே அவளுக்குக் காலை டூட்டி விழுந்தது. ஆஸ்பத்திரிக்காரர்களுக்கு இதில் ஒரு தனி சந்தோஷம் போலிருக்கிறது. டவுனில் ஹோட்டல் பிரியாணி வாங்கிவிடலாம் என்றான் சேவியர். அங்கேதான் மாமா எழுந்து நின்றார்.

"ஏலே, காசு குடுத்து வாங்குன சோத்த அவரு எங்கயும் திம்பாரு. இந்த வீட்டு அடுப்புல வெந்தத அவரு திங்கணும். அந்தப் புள்ள கேட்டுருச்சில்லா? நான் ஆக்குறேன்."

அத்தை கட்டிலிலிருந்து, "கர்த்தரே!" என்றார். அன்றைக்கு அவர் செய்ய முடிந்த ஜெபம் அவ்வளவுதான்.

நான் உதவிக்கு வருகிறேன் என்று சொன்னதற்கு, "ஒனக்குக் கஞ்சி வடிக்கத் தெரியுமாட்டி?" என்று கேட்டார். தெரியாது. அதை இத்தனை பேர் முன்னால் கேட்க வேண்டுமா? அந்தக் கோபத்திலேயே போய் அடுப்படி வாசலில் உட்கார்ந்துகொண்டேன்.

காலைப் பூசை முடிந்ததும் ஆரம்பித்தார். ஐந்து பேர் சாப்பாட்டுக்குக் கோயில் அண்டாவை இரவல் வாங்கி வந்திருந்தார். வெங்காயம் வதக்கியபோதே எங்கள் வீட்டில் என் அம்மா இருமினார். கட்டிலுக்கும் அடுப்படிக்கும் நடுவில் ஒரே ஒரு துணித் திரைதான். அத்தை அங்கிருந்து கத்துகிறார், மாமா இங்கிருந்து கத்துகிறார்.

"தீயக் கொறைங்க!"

"கொறைச்சா ஸ்டீம் எறங்கிரும்!"

"அது பாய்லர் இல்லங்க, பிரியாணி!"

"எல்லாம் ஒரே தத்துவம்தான். நீ படு."

ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். கோழி வெந்து, மல்லியும் புதினாவும் போட்டு அரிசியைக் கொட்டியபோது ஒரு வாசனை வந்தது பாருங்கள், எனக்கே நாக்கில் எச்சில் ஊறிவிட்டது. மாமா மூடியைப் போட்டு, விளிம்பைச் சுற்றிலும் மைதா மாவை அப்பி, மேலே நாலு செங்கல்லை ஏற்றினார். கைகளைத் தட்டிக்கொண்டு, "மத்தியானச் சங்குக்குத் தெறக்கணும். கரெக்டா இருக்கும்" என்றார். ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு, காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

உட்கார்ந்தார், உட்கார்ந்தார், உட்கார்ந்துகொண்டே இருந்தார். புதினா வாசனை போய் வேறொரு வாசனை வர ஆரம்பித்தது.

"ஏங்க, அடிப்பிடிக்கிற வாடை வருது!" என்று அத்தை.

"இன்னும் சங்கு ஊதலையே."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. "மாமா, இன்னைக்குக் கிறிஸ்துமஸ். பாக்டரி லீவு. சங்கே ஊதமாட்டாங்க!"

மாமாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! இன்று கிறிஸ்துமஸ் என்று அவருக்குத் தெரியும். கிறிஸ்துமஸுக்கு பாக்டரி லீவு என்பதும் தெரியும். ஆனால் இரண்டையும் பக்கத்தில் வைத்து அவர் பார்த்ததே இல்லை.

"போன்ல மணி பாத்தேன், பன்னெண்டு தாண்டிருச்சு. தெறந்துருவோம் மாமா" என்றேன்.

"மணி பாத்துத் தெறக்க இதென்ன பஸ்ஸாட்டி? சங்கு கேக்காமத் தெறந்தா பதம் மாறிரும்." சட்டென்று எழுந்தார். "நான் போயி ஊதிட்டு வாரேன். சத்தம் கேட்டதும் மூடியத் தெற. அதுக்கு முன்னால தொட்ட, கைய ஒடிச்சிருவேன்."

அந்த வீட்டில் ஏற்கெனவே ஒரு கை ஒடிந்து கிடந்ததால் நான் நம்பினேன். போகிற போக்கில், தான் இல்லாதபோது ஸ்டீம் இறங்கிவிடக் கூடாதே என்று அடுப்பில் கிடந்த விறகையெல்லாம் அள்ளித் திணித்துவிட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். பாக்டரி வாட்ச்மேன் பழைய கூட்டாளி. என்ன சொல்லி உள்ளே போனாரோ தெரியாது.

கொஞ்ச நேரத்தில் சங்கு அலறியது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் தோட்டத்தில் வேளை கெட்ட வேளையில் சங்கு ஊதினால் எங்கேயோ தீப்பிடித்துவிட்டது என்று அர்த்தம். எல்லோரும் சாப்பாட்டிலிருந்து எழுந்து வெளியே ஓடி வந்து, எங்கே புகை என்று பார்த்திருக்கிறார்கள். புகையா? எங்கள் லயத்துக்கு மேலேதான் கருகருவென்று கிளம்பிக்கொண்டிருந்ததே! அவ்வளவுதான். பட்டுச்சேலைப் பெண்கள் குடத்தோடு, ஆண்கள் வாளியோடு, கிறிஸ்துமஸ் தாத்தா வேஷம் கட்டிய ஒருவர் பஞ்சுத் தாடியைக் கையில் பிடித்துக்கொண்டு, மேட்டில் ஓடி வருகிறார்கள். நான் கத்தியால் மைதாவைக் குத்திக்கொண்டிருக்கிறேன். அது சிமென்டாக இறுகிப் போயிருந்தது. செங்கல்லைத் தொட்டால் கை சுடுகிறது.

அதே நேரத்தில்தான் சேவியர் ஜீப்பில் அப்பச்சனை ஏற்றிக்கொண்டு வளைவில் திரும்பியிருக்கிறான். எதிரே ஊரே ஓடுகிறது. "தீ! தீ! பாய்லர் வீட்டுல தீ!" என்று யாரோ கத்தியதும் சேவியர் ஜீப்பை அப்படியே விட்டுவிட்டுக் குதித்தான். ஜின்சிக்கு டூட்டி என்பது அப்பச்சனுக்குத் தெரியாது; சொன்னால் வராமல் இருந்துவிடுவாரோ என்று மறைத்திருந்தார்கள். மகள் உள்ளே இருக்கிறாள் என்று நினைத்துவிட்டார்.

"எண்டெ மோளே!"

அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. வெள்ளை ஜிப்பா, கசவு வேட்டி, தங்க வாட்ச். யாரிடமிருந்து வாளியைப் பிடுங்கினாரோ, சேவியரையே முந்திக்கொண்டு முதல் ஆளாக அடுப்படிக்குள் நுழைந்தவர் அவர்தான். என்னை ஒரே தள்ளு. வாளித் தண்ணீர் மொத்தத்தையும் அடுப்பின் மேல் வீசினார். பின்னாலேயே ஏழெட்டுக் குடம். புகையும் சாம்பலும் நீராவியும் கிளம்பின, யாரையும் யாருக்கும் தெரியவில்லை.

தெளிந்தபோது நடுவில் அப்பச்சன் நின்றார். ஜிப்பா ஒட்டிக்கொண்டு, முகமெல்லாம் சாம்பல்.

"மோள் எவிடே?"

"ஜின்சி ஆஸ்பத்திரியில இருக்காங்க. டூட்டி" என்றேன். "இங்க தீயெல்லாம் இல்லீங்க. பிரியாணிதான்."

அவர் வாளியைக் கீழே போட்டார். அந்த ஈரத் தரையிலேயே உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். பிறகு அணைந்த அடுப்பையும் அண்டாவையும் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார். "அய்யோ, ஞானல்லே வெள்ளம் ஒழிச்சது! கிறிஸ்துமஸ் ஊணல்லே!" கிறிஸ்துமஸ் சாப்பாட்டில் தண்ணீரை ஊற்றிவிட்டேனே என்று புலம்புகிறார்.

அப்போதுதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு மாமா மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். வாசலில் ஊர், உள்ளே வெள்ளம், தரையில் சம்பந்தி. எதையும் பார்க்கவில்லை. என்னிடம் கேட்டார்:

"சங்கு கேட்டுச்சா? தெறந்தாச்சா?"

திரைக்கு அந்தப் பக்கம் அத்தை வாய்விட்டு அழுதாரா சிரித்தாரா என்று எனக்குத் தெரியவில்லை.

கடைசியில் தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியைக் கொண்டுவந்து மூடியை நெம்பினார்கள். மைதா பிடித்திருந்த பிடியில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட உள்ளே போகவில்லை. அடியில் பாதி கரி. மேலே பாதி, கேளுங்கள், மேலே பாதி பொலபொலவென்று சோறு! இன்னும் சற்று நேரம் தீ எரிந்திருந்தால் அதுவும் போயிருக்கும்.

மாமா ஒரு தட்டில் மேல்சோற்றை அள்ளி வைத்தார். அதை அப்பச்சனிடம் நீட்டினார். வாய் ஓயாத மனுஷன், தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். சாயா மட்டும் போதும் என்று சொல்லிவிட்டு வந்தவரிடம் எப்படிக் கேட்பது?

அப்பச்சன் அவரை நிமிர்ந்து பார்த்தார். தட்டை வாங்கினார். வாசலில் லயத்து ஆட்கள் எல்லோரும் குடத்தை இடுப்பில் வைத்தபடி அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு பிடி எடுத்தார். மென்றார். ரொம்ப நேரம் மென்றார்.

"சேட்டா," என்றார் மாமாவிடம், "குறச்சு உப்பு தருமோ?"

உப்பே போடவில்லை! இத்தனை அமர்க்களத்தில் மாமா உப்பை மறந்திருக்கிறார். அத்தை கட்டிலிலிருந்து எழுந்து இடது கையால் உப்புச் சாடியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். அப்பச்சன் தூவிக்கொண்டார், பிசைந்தார், இன்னொரு பிடி எடுத்தார். வாசலில் யாரோ கைதட்ட ஆரம்பித்தார்கள்.

யூனிபாரத்தோடு ஜின்சி வந்தபோது அவள் அப்பச்சன் சாம்பல் முகத்தோடு, சேவியரின் கைலியைக் கட்டிக்கொண்டு, இரண்டாம் தட்டில் இருந்தார். அவள் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். அவர்தான் தலை நிமிராமல், "நீ கழிச்சோ மோளே? வா, இரி" என்றார். அவர் கேட்டது, சாப்பிட்டாயா என்று.

அவள் அழுது, சிரித்து, அப்பாவின் முகத்தைத் துடைத்துவிட்டு, அப்புறம் கேட்டாள்: "மாமா எங்க?"

அப்போதுதான் எல்லோருக்கும் அவர் ஞாபகமே வந்தது. மேல்சோற்றை அப்பச்சனுக்கும் வந்தவர்களுக்கும் கைப்பிடி கைப்பிடியாகக் கொடுத்துத் தீர்த்துவிட்டு, அண்டாவை வீட்டுக்குப் பின்னால் உருட்டிக்கொண்டு போய், விறகுக்கட்டையில் உட்கார்ந்து, அடிக்கரியைச் சுரண்டித் தின்றுகொண்டிருந்தார். மறுநாள் மேனேஜரிடம் வாங்கப் போகிற திட்டைப் பற்றிய கவலை கொஞ்சமும் அந்த முகத்தில் இல்லை.

"அவரு சாப்ட்டாராம்மா?" என்று ஜின்சியிடம் கேட்டார்.

"சாப்ட்டாரு மாமா. ரெண்டு வாட்டி."

அவள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து அண்டாவுக்குள் கையை விட்டாள். மாமா எனக்கும் ஒரு பிடி நீட்டினார். சாப்பாட்டில் நான் எவ்வளவு குறை சொல்கிறவள் என்று என் அம்மாவைக் கேளுங்கள். வாயில் வைத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், கரி. உப்பில்லாத கரி. மாமா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் கொஞ்சம் போடுங்க மாமா" என்றேன்.