டெலி என்றால் டெலிபோன் அல்ல

அன்புள்ள கோமதிக்கு,

கம்பம்மெட்டிலிருந்து உன் கணவன் மாரப்பன் எழுதுவது. இங்கே நானும் பூனையும் கூரையும் சௌக்கியம். கூரை மட்டும் சமையலறைப் பக்கம் கொஞ்சம் ஒழுகுகிறது. அங்கே பெங்களூரில் நீயும் மகள் யோகப்பிரியாவும் மாப்பிள்ளை அருள்குமாரும் பேரனும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க கௌமாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன்.

போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். வீடியோவில் கூப்பிட்டால் நீ உடனே பேரனை முன்னால் தூக்கிப் பிடிக்கிறாய். அவன் போனை நக்குகிறான். நான் அவனுடைய நாக்கை நன்றாகப் பார்த்துவிட்டு வைத்துவிடுகிறேன். உன் முகத்தை எப்போது பார்த்தேன் என்பது எனக்கே மறந்துவிட்டது.

பிரசவத்துக்கென்று போனவள் நீ. பிள்ளை குப்புற விழட்டும் என்றாய், தவழட்டும் என்றாய், இப்போது நடக்கட்டும் என்கிறாய். போன மாதம் என்னடாவென்றால், "அந்த மலையில தனியா என்னத்தக் கண்டீங்க? வீட்ட யாருக்காச்சும் வாடகைக்கு விட்டுட்டு இங்கிட்டே வந்துருங்க" என்றாய். அதோடாவது விட்டாயா? மகள் உன்னை யூதர் சாப்பாட்டுக் கடைக்குக் கூட்டிப்போனதையும், நடுவில் ஓட்டை வைத்த ரொட்டி தின்றதையும், அதற்குப் பெயர் பிரஞ்ச் என்பதையும் சொன்னாய். யூதர் கடைக்குள் பிரெஞ்சுக்காரன் எப்படி வந்தான் என்று இரண்டு நாள் மண்டையைக் குடைந்துகொண்டேன். அதுகூடப் பரவாயில்லை. அதைச் சொல்லும்போது உன் குரலில் ஒரு குதூகலம் இருந்தது பார், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. இத்தனை வருஷமாக நான் வாங்கிக்கொடுத்த பரோட்டாவைப் பற்றி யாரிடமாவது நீ அப்படிச் சொல்லியிருக்கிறாயா?

இப்போது கேள். போன ஞாயிற்றுக்கிழமை சரியாக நீ கூப்பிடும் நேரத்துக்குப் போன் செத்துப்போயிற்று. நான் அதைத் தட்டிக்கொண்டே நின்றதில் அடுப்பிலிருந்த உப்புமா தீய்ந்து சட்டியோடு சட்டியாகிவிட்டது. சட்டியை வெளியே கொண்டுபோய் வைக்கலாம் என்று போனவன் நனைந்த படியில் வழுக்கி உட்கார்ந்துவிட்டேன். இடுப்பைப் பிடித்துக்கொண்டு மழையில் ஜங்ஷனுக்குப் போனால் செல்போன் கடையெல்லாம் அடைப்பு. சர்ச்சுக்குப் பக்கத்தில் மட்டும் 'நிமி டெலி' என்று புதுப் பலகை. டெலி என்றால் டெலிபோன்தானே? உள்ளே போய்ப் போனை மேஜைமேல் வைத்து, "இதுக்கு உசுர் வருமாம்மா?" என்று கேட்டேன்.

மாவுக் கையோடு வந்த பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "சேட்டா, இது போன் கடை இல்ல. டெலின்னா சாப்பாட்டுக் கடையாக்கும். நாற்காலில இரிக்கி. காலையில ஒண்ணும் சாப்பிட்டில்ல, அல்லே?" என்றாள். நான் பதில் சொல்வதற்குள் தட்டு வந்துவிட்டது. தட்டில், கோமதி, நடுவில் ஓட்டை வைத்த ரொட்டி!

நிமி நம் இடுக்கிப் பெண்தான். இஸ்ரேலில் ஒரு வயதான யூத அம்மாவைக் கவனித்துக்கொள்ளும் வேலையில் பல வருஷம் இருந்திருக்கிறாள். அந்த அம்மா போய்ச் சேர்ந்ததும் ஊருக்குத் திரும்பி, அங்கே சமைத்ததையே இங்கே சமைக்கிறாள். பிரஞ்ச் என்றால் பிரெஞ்சு இல்லையாம். காலைச் சாப்பாட்டையும் மதியச் சாப்பாட்டையும் சேர்த்து நடுவாந்திரமாகச் சாப்பிடுவதாம். நீ போனதிலிருந்து நான் தினமும் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன், அதற்கு ஒரு பெயர் இருப்பது தெரியாமல்.

அந்தக் கடையில் ஒரு சட்டம். தனியாக யாரும் சாப்பிடக் கூடாது. "அந்த அம்மச்சி, நான் எதிர்ல இருந்தாத்தான் ஒரு வாய் உண்ணுவா. இல்லன்னா தட்டத் தள்ளிவச்சிரும்" என்று சொல்லிவிட்டு, தனியாக வந்த இன்னொருவரைக் கொண்டுவந்து என் எதிரில் உட்காரவைத்தாள். யாரென்று நினைக்கிறாய்? நம் பக்கத்து வீட்டு அப்பாஸ்! மதில் சண்டைக்குப் பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காதவர்கள் இப்போது ஒரே ஊறுகாய்க் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். உப்புத் தண்ணீரில் ஊறிய வெள்ளரிக்காய், நல்ல புளிப்பு.

அப்பாஸ் குரலைத் தாழ்த்தி, "ஏம்மா, இதுல பன்னி கின்னி இல்லையே?" என்றான்.

"யூதரும் அத தொடமாட்டாங்க இக்கா. தைரியமா சாப்பிடுங்க."

பிறகு கோழி சூப் வந்தது, உள்ளே மாவு உருண்டைகள் மிதக்க. அப்பாஸ் தன் கிண்ணத்திலிருந்து ஒன்றை எடுத்து என் கிண்ணத்தில் போட்டு, "மெத்துன்னு இருக்குப்பா. ஒன் பல்லுக்கு ஆகும்" என்றான். மதில் விவகாரம் அதோடு முடிந்தது. கடைசியில் நான் பால் டீ கேட்டேன். இறைச்சி சாப்பிட்டால் பின்னாலேயே பால் கிடையாதாம், அந்த அம்மச்சி வீட்டு வழக்கமாம். கட்டன் சாயாதான் கிடைத்தது. பால் குறைந்தால் உன்னிடம் முகம் தூக்குகிற நான் மறுபேச்சில்லாமல் குடித்தேன். உன்னிடம் அப்படி ஒரு நாளாவது குடித்திருக்கலாம்.

அன்றிலிருந்து அங்கேதான் சாப்பாடு. இன்று வெள்ளிக்கிழமை, நிமி ஜடை ரொட்டி போடும் நாள். நம் ஏலக்காயைத் தட்டிப் போட்டு, மாவை மூன்று கால் எடுத்துப் பின்னுகிறாள். பார்த்துக்கொண்டே இருந்தேன். சின்ன வயதில் நம் யோகாவுக்கு நீ ரிப்பனைப் பல்லில் கடித்துக்கொண்டு ஜடை பின்னிவிடுவாயே, அந்த மாதிரியே கை ஓடுகிறது. சூடாக ஒன்றைக் கொண்டுவந்து வைத்தாள். எனக்குப் பிய்க்க மனம் வரவில்லை. அப்பாஸ்தான் பிய்த்தான். பிய்த்தவன் சும்மா இல்லாமல், "கோமதியக்கா எப்ப வருது?" என்று கேட்டான். கட்டன் சாயாவின் ஆவி கண்ணில் பட்டுவிட்டது.

ஆகையால் நான் சொல்வது இதுதான். இந்த மலையில் என்ன இருக்கிறது என்று இனி நீ கேட்க முடியாது. உன் ஓட்டை ரொட்டி இருக்கிறது, ஜடை ரொட்டி இருக்கிறது, எதிரில் உட்கார ஆள்தான் தற்காலிக ஏற்பாடாக இருக்கிறது. கிளம்பி வா. பெங்களூருக்கு நான் வருவேன் என்று மட்டும் எதிர்பார்க்காதே. குண்டுக்கட்டாகத் தூக்கிப்போனாலும் வரமாட்டேன். லிஃப்டில் ஏறி வீட்டுக்குப் போவது மனிதன் செய்கிற காரியமா?

மகளுக்கும் பேரனுக்கும் என் ஆசிகள். மாப்பிள்ளைக்கு மரியாதைகள். உனக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை, மேலே எழுதியிருப்பதெல்லாம் உனக்குத்தான்.

இப்படிக்கு,
மாரப்பன்

பின்குறிப்பு: தபாலாபீசில் விசாரித்தேன். கடிதம் வந்து சேர அடுத்த வாரம் ஆகிவிடுமாம். ஜடை ரொட்டியோ நாளைக்கு மேல் தாங்காது என்கிறாள் நிமி. ஆகவே இரண்டையும் நானே எடுத்துக்கொண்டு சாயங்கால பஸ்ஸில் வருகிறேன். கம்பம்வரை அப்பாஸ் ஜீப்பில் கொண்டுவந்து விடுகிறான். உங்கள் வீடு எத்தனையாவது மாடி என்று கேட்டுவைக்க மறந்துவிட்டேன், போனும் இன்னும் ரிப்பேர் கடையில்தான் கிடக்கிறது, அதனால் கீழே நின்று உன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவேன். பதில் எழுத வேண்டாம்.