அந்தமான் வேலையும் பின்னாடி வந்தவரும்

வேலை தேடும் மனிதனுக்குக் காது பாதிதான் கேட்கும். மீதியை அவனாகவே நிரப்பிக்கொள்வான். நான் நிரப்பிய விதத்தை நினைத்தால் இன்றும் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொள்ளத் தோன்றுகிறது.

என் மனைவி ஜெசிந்தாவுக்கு அந்தமானில் ஆசிரியை வேலை கிடைத்தது. ஜூனில் சேர வேண்டும். நான் கோத்தகிரிப் பக்கம் ஒரு டீ ஃபேக்டரியில் ஸ்டோர் கீப்பர். "அங்க வேலை கெடைக்காம நான் வரமாட்டேன்" என்று வீராப்பாகச் சொன்னேன்.

"சரிங்க, நீங்க இருங்க. நானும் பாப்பாவும் கெளம்பறோம்" என்று அவள் பெட்டியை இறக்கினாள். (மறுநாளே அந்தமான் ஓட்டல்களுக்கெல்லாம் விண்ணப்பம் போட்டேன்.)

நல்லவேளையாக அங்கே ஓர் ஓட்டலில் ஸ்டோர் கீப்பர் வேலைக்கு, வீடியோ காலில் நேர்காணலுக்கு அழைத்தார்கள். எங்கள் வீட்டுக்குள் சிக்னல் நிற்காது. வீட்டை ஒட்டிய தேயிலைச் சரிவில் ஒரு பாறை மேல் மட்டும் நிற்கும். டை கட்டிக்கொண்டு, ஃபோனைத் தேயிலைச் செடியில் சாய்த்து வைத்து, காட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன்.

மேனேஜர் ஒரு தமிழ்ப் பெண்மணி. எல்லாம் நன்றாகத்தான் போனது. திடீரென்று அவர் கண்கள் விரிந்தன. குரல் விட்டுவிட்டு வந்தது.

"சார்... பின்னாடி... என்ன..."

எதிர்காலத் திட்டம்! இதற்குத்தானே கண்ணாடி முன் பயிற்சி எடுத்திருந்தேன்?

"பின்னாடி பர்ச்சேஸ் மேனேஜர் ஆகோணும்னு ஆசைங்க மேடம்."

"ஐயோ, அதில்ல... பெருசா..."

"பெருசாத்தானுங்க நெனைக்கறேன். சின்னதா நெனைச்சுப் பழக்கமே இல்லீங்க."

"கிட்ட வந்துருச்சு சார்!"

"ஆமாங்க, ஜூன் கிட்ட வந்துருச்சு. ஒடனே சேர்ந்துக்கறேனுங்க."

அப்போது முதுகுக்குப் பின்னால் ஒரு பெருமூச்சு. ஜெசிந்தாதான் என்று திரும்பினேன்.

காட்டெருமை. ஒரு வேன் அளவுக்கு.

சரிவில் பாதி ஓடி, பாதி உருண்டு, சமையலறைக்குள் பாய்ந்து தாழ்ப்பாள் போட்டேன்.

"ஏனுங்க, இன்டர்வியூ முடிஞ்சுதா?" என்றாள் ஜெசிந்தா.

"எல்லாமே முடிஞ்சுது" என்றேன்.

உண்மையில் முடியவில்லை. ஃபோன் பாறையருகிலேயே இருந்ததால் நேர்காணலைக் காட்டெருமை தொடர்ந்திருக்கிறது. ஈரமான மூக்கு திரையை நிறைத்ததும் மேனேஜர் அலுவலகத்தையே கூப்பிட்டுக் காட்டினாராம்.

அது போன பிறகு, எச்சில் படிந்த ஃபோனைத் துடைத்துக் கையில் எடுத்தேன். உடனே மணி அடித்தது.

"சார், உயிரோட இருக்கீங்களா? அது என்ன சாப்பிடும்? வீட்டுக்குள்ளயும் வருமா?"

போனது போகட்டும் என்று எல்லாம் சொன்னேன். பிறகு, பல நாளாக என்னைக் குடைந்துகொண்டிருந்ததை நானும் கேட்டேன். "உங்களுக்குத் தக்காளி கப்பல்லயா மேடம் வருது? கப்பல் லேட்டானா ரசத்துக்கு என்ன பண்ணுவீங்க? கடல் காத்துல உப்பு கட்டிப் போயிருமே, எப்படி வெக்கறீங்க?"

மேனேஜர் சிரித்துவிட்டார்.

"இதுவரைக்கும் வந்தவங்க எல்லாம் லீவு எத்தனைன்னுதான் கேட்டாங்க. நீங்க எப்ப சார் கெளம்பறீங்க?"

இப்போது மூவரும் தீவில்தான் இருக்கிறோம். ஆனால் எங்கள் வீட்டில் ஒரு வார்த்தையை மட்டும் நான் சொல்ல முடிவதில்லை. "சைக்கிள் பின்னாடி வாங்கித் தர்றேன்" என்றால் போதும், பாப்பா என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "அப்பா, ஓடுங்க!" என்று கத்துகிறாள்.