பார்த்தவர்: கபிரியேல்

ஏழாம் நம்பர் சுண்டெலியின் வயிற்றில் ஒன்றுமே இல்லை.

கபிரியேல் ஆய்வுகூடத்து மைக்ரஸ்கோப்பின் குழலை ஏற்றினான், இறக்கினான். போன கிழமை வரை அதன் புழுக்கையில் துளி தண்ணீர் கலந்து வைத்தால் போதும். பேரிக்காய் போன்ற ஜம்புக்காய் உருவில், இரண்டு கண் வைத்தாற்போல, ஜியார்டியாக்கள் கூட்டமாய் நீந்தும். குடலில் ஒட்டி வாழும் ஒற்றைக் கலத்து உயிர்கள். அவற்றை இனம் பிரித்து ஏட்டில் படம் கீறுவதுதான் அவன் வேலை.

மற்ற ஆறு எலிகளும் அப்படியே படு சுத்தம்.

சாப்பாட்டுக் கேரியருடன் வந்த மனைவி கிறேஸ் கூட்டை எட்டிப் பார்த்தாள். "என்னங்க, எலிக்கு வயிறு நல்லாயிருச்சா?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"இங்க கூரை ஒழுகுதுன்னு நாலு நாள் நம்ம வீட்டுல வச்சிருந்தீங்கல்ல? பாவம், ஒரே கழிச்சல். லீவு விட்டதும் நம்ம புள்ளைங்களுக்கு வயித்துப் பூச்சிக்குக் குடுப்போமே, பப்பாளி விதையும் வெள்ளப்பூடும் அரைச்சு... அதத்தான் குடுத்தேன். புள்ளைங்கள விட சமத்தாக் குடிச்சுச்சுங்க."

கபிரியேல் ஏட்டை எடுத்துப் புரட்டினான்.

போத்தல் கழுவ வந்தவனை, கண்டி நகரமே சிரித்தபோதும், குழலின் முன் உட்கார வைத்தவர் டொக்டர் செல்லப்பா. ஏட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் 'பார்த்தவர்: கபிரியேல்' என்று அவன் கையாலேயே எழுத வைப்பார். அந்தப் பெருந்தன்மையை நினைத்தாலே அவனுக்குக் கண் கலங்கும். நாளைக்குக் கொழும்பிலிருந்து பெரிய துரை ஏட்டைச் சோதிக்க வருகிறார். படத்தில் இருப்பது எலியில் இல்லையென்றால் டொக்டரின் மானம் போய்விடும்.

அலுமாரியில் ஜியார்டியாவைச் சாயமேற்றி வைத்த பழைய கண்ணாடித் துண்டு ஒன்று இருந்தது. எடுத்தான். கை தவறி விழுந்து உடைந்தது.

சோள மூட்டைக்குப் பின்னால் ஒரு வீட்டு எலியைப் பிடித்தான். புழுக்கை போடட்டும் என்று கூட்டுக்குள் விட்டான். அது அந்த வேலையைச் செய்யாமல் வெள்ளை எலிகளைக் கடித்தது. விலக்கிவிடக் கதவைத் திறந்தான். எட்டும் வெளியே ஓடின. கிறேஸ் கதிரை மேல் ஏறி நின்றாள்.

இப்போது ஜியார்டியாவும் இல்லை, எலியும் இல்லை.

வாசலில் மோட்டார் ஹோர்ன் கேட்டது. டொக்டர் வழக்கம்போல் டிரைவர் ஜமால்தீனின் தோளைப் பிடித்துப் படியேறினார். பாவம், அவருக்கு முழங்கால் வலி என்று கபிரியேல் நினைத்திருந்தான்.

"என்ன கபிரியேல், ஏழாம் நம்பர் எப்பிடி?"

தொலைந்ததைத் தேடித் தரும் அந்தோனியாரை வேண்டிக்கொண்டு, வெறும் தண்ணீர்த் துளியைக் குழலுக்கு அடியில் வைத்தான்.

டொக்டர் குனிந்து நெடுநேரம் பார்த்தார். "ஓம், வடிவாத் தெரியுது. நீர் கீறின படம் மாதிரியே கிடக்கு!"

கபிரியேலால் தாங்க முடியவில்லை. பப்பாளி விதையிலிருந்து பச்சைத் தண்ணீர் வரை எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். "பொய் காட்டிப்புட்டேங்க ஐயா. என்னைய வேலைய விட்டு அனுப்பிருங்க."

டொக்டர் குழலை விட்டு நிமிர்ந்தார்.

"பொய் நீர் மட்டும் சொல்லேல்லை," என்றார். "உம்மடை மனுசி குடுத்த மருந்தை ஏட்டிலை எழுதும். நாளைக்கு அதைத்தான் முதல் காட்டுவம். எலியள் பசிச்சால் வரும்."

அவர் மோட்டாரில் ஏறிய பிறகு, அவர் மறந்துவிட்ட தொப்பியை எடுக்க ஜமால்தீன் திரும்பி வந்தான்.

"ஐயாவுக்கு எம்மேல ரொம்பக் கோவமா?" என்று கபிரியேல் கேட்டான்.

"கோவமா? ரெண்டு வருஷமா அவருக்குக் கண்ணு மங்கி, அந்தக் குழலுக்குள்ள ஒண்டும் வெளங்கிறல்ல. ஒங்கட கண்ணுக்கு ஒரு கொறையும் வரக் கூடாதெண்டு அல்லாஹ்க்கிட்ட துஆக் கேக்கச் சொல்லி, தினமும் எனக்கிட்டச் சொல்றாரு."