காயாத சட்டையும் காய்க்காத செடியும்

அன்று காலையிலும் திலீபன் ஈரச் சட்டையோடுதான் கிறீன் ஹவுஸுக்குள் நுழைந்தான். தக்காளிச் செடிகளின் அடியில் மஞ்சள் பூக்கள் மறுபடியும் கொட்டிக் கிடந்தன. குனிந்து ஒன்றைப் பொறுக்கினான். பிஞ்சு பிடிக்காமலே காம்போடு கழன்று விழுந்த பூ.

"பாவிப் பூவே, ஒனக்கு என்னதான் வேணும்?" என்று கேட்டான்.

திலீபன் தும்மினான்.

ஹேவாஹெட்ட மலைப் பக்கம் வருடக் கடைசி மழை பிடித்துக்கொண்டால் வெட்டவெளியில் நட்ட தக்காளி எல்லாம் அழுகிப் போகும். அதனால்தான் தான் குடியிருந்த லயத்து வீட்டுக்குப் பின்னால் குழாயும் பொலித்தீனுமாக இந்தக் கூடாரத்தைக் கட்டினான். ஊரில் யாரிடமும் தக்காளி இல்லாத குளிரில் தன்னிடம் மட்டும் சிவக்கச் சிவக்கத் தொங்க வேண்டும் என்று ஆசை. கூரைக்குக் கீழே நீளமாகக் கம்பிகள், கம்பியிலிருந்து தொங்கும் நூல்கள், ஒவ்வொரு நூலையும் பிடித்துக்கொண்டு ஒரு செடி.

அந்தக் கம்பிதான் குடும்பத்தைப் பிரித்தது.

மழைக் காலத்தில் அங்கே துணி காய்வது லேசுப்பட்ட காரியமல்ல. கூடாரத்துக்குள் வெளியைவிடச் சூடு என்று கண்டுபிடித்த நாளிலிருந்து அவன் மனைவி யசோதினி தினமும் ஒரு வாளித் துணியோடு உள்ளே வந்துவிடுவாள். ஒவ்வொன்றையும் படார் படார் என்று உதறி, கம்பியை எட்டி இழுத்துப் போட்டுக் கிளிப் குத்துவாள். பின்னேரம் வெடுக் வெடுக்கென்று உருவுவாள். செடிகள் எல்லாம் தலையாட்டும். திலீபனுக்கு நெஞ்சு பதறும்.

"செடிக்கு நோகுது புள்ள!"

"அப்ப ஒங்க ஜட்டிய எங்க காயப்போட? நெஞ்சுலயா?"

ஒரு நாள் கோபம் தலைக்கேறி, ஈரச் சேலை ஒன்றை உருவி வெளியே வீசினான். அது நேராகச் சேற்றில் போய் விழுந்தது. அவளுடைய அம்மா வாங்கிக் கொடுத்த சேலை. யசோதினி அழவில்லை, கத்தவும் இல்லை. அப்போதே அவன் சுதாரித்திருக்க வேண்டும்.

"இந்தப் பிளாஸ்டிக் வீடு துணி காயப்போடத்தான் லாயக்கு. பாத்துக்கிட்டே இருங்க," என்று பையைத் தூக்கினாள்.

"செடியில நுனி வரைக்கும் காய்க்க வச்சுக் காட்டுறேன். அன்னைக்குத்தான் ஒன்னயக் கூப்பிட வருவேன்!" என்று இவன் பின்னாலிருந்து கத்தினான்.

அவள் புசல்லாவைக்கு, தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். அன்றைக்கு அடிக் கொத்துகளில் கோலிக் குண்டு அளவில் காய்கள் நெருக்கமாகப் பிடித்திருந்தன. அந்தத் தைரியத்தில்தான் சபதம் போட்டான். அவள் போனதிலிருந்து ஒரு பூகூடப் பிஞ்சாகவில்லை.

குளிர்தான் காரணம் என்று முதலில் முடிவு செய்தான். சிரட்டைக் கரியை மூட்டி, தணல் சட்டியைக் கூடாரத்தின் நடுவில் வைத்தான்.

அடுத்த வீட்டுப் பேச்சியம்மா எட்டிப் பார்த்தாள். "என்னா தம்பி, தக்காளிக்குச் சாம்பிராணி போடுறியா?"

"கணப்பு காட்டுறேன்க்கா. பாவம், நடுங்குது."

"நடுங்குறது நீயி. அந்தச் சட்டையக் கழட்டித் தணல்ல காட்டு மொதல்ல."

காட்டினான். சட்டையில் கை அகல ஓட்டை விழுந்தது. செடிகளிலோ இலைகள் ஓரம் கருகிச் சுருண்டன. பூக்கள் முன்னைவிட வேகமாகக் கொட்டின.

அப்படியானால் பனிக்காற்று எங்கேயோ ஓட்டை வழியாக உள்ளே வருகிறது என்று தோன்றியது. இருந்த சந்துகளை எல்லாம் சாக்கு வைத்து அடைத்தான். காற்றோட்டத்துக்கு விட்டிருந்த பக்கத் திரையையும் இறக்கிக் கட்டினான். உள்ளே ஆவி பிடிக்கும் பாத்திரம் மாதிரி ஆனது. இலைகளின் அடியில் சாம்பல் நிறத்தில் பூஞ்சணம் பிடித்தது. அவன் போட்டிருந்த களிசானிலும் அதே நிறத்தில் பிடித்தது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த பெண் மூக்கைப் பொத்திக்கொண்டு, "மழையில நனைஞ்சிட்டீங்களா?" என்று கேட்டாள்.

"இல்ல. காயல," என்றான்.

அவள் எழுந்து வேறு ஸீட்டுக்குப் போனாள்.

இவ்வளவுக்கும் கூடாரத்துக்குள் ஒரு கைக்குட்டையைக்கூட அவன் தொங்கவிடவில்லை. சபதம் சபதம்தான். கம்பியில் யசோதினி விட்டுப்போன நீலக் கிளிப் ஒன்று மட்டும் இருந்தது. அதைக் கழற்ற அவனுக்கு மனம் வரவில்லை.

ஒரு பின்னேரம் யசோதினியே போன் போட்டாள்.

"துணியெல்லாம் காயுதா?"

"ஜம்முன்னு காயுது," என்று தும்மினான்.

"செடி?"

"நுனி வரைக்கும் பூ." அது பொய்யில்லை.

பிறகு அவள், "எப்பங்க வருவீங்க?" என்று கேட்டாள்.

வா என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது.

"காய்க்கட்டும்," என்றான்.

அவள் போனை வைத்துவிட்டாள். அவள் இல்லாமல் வீடு வீடாக இல்லை, சோறு சோறாக இல்லை. அது அவனுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. தெரிந்து என்ன செய்ய? காய் இல்லாமல் எந்த முகத்தோடு புசல்லாவை பஸ்ஸில் ஏறுவது?

கடைசியாக ஒரு யோசனை வந்தது. அவள் தினமும் துணி போட்டு எடுத்து ஆட்டிய ஆட்டத்தில்தான் செடிகளுக்கு உள்காயம் பட்டிருக்க வேண்டும். ஆகவே இனி ஓர் இலைகூட அசையக்கூடாது. கம்பிகளை முறுக்கி விறைப்பாக்கினான். ஒவ்வொரு செடியையும் குச்சி நட்டு இறுக்கிக் கட்டினான். செருப்பைக் கழற்றிவிட்டுப் பூனை மாதிரி நடந்தான். தும்மல் வந்தால் வெளியே ஓடினான். செடிகள் ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்ட நோயாளிகள் மாதிரி ஆடாமல் அசையாமல் நின்றன. மறுநாள் தரை முழுக்க மஞ்சளாக இருந்தது.

திலீபன் அந்தப் பூக்களின் நடுவில் உட்கார்ந்து அழுதான். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, விவசாயப் போதனாசிரியை றமீலா மிஸ்ஸுக்குப் போன் போட்டான்.

றமீலா மிஸ் குடையை மடக்கி வைத்துவிட்டு உள்ளே வந்தார். சாக்குகளைப் பார்த்தார், தணல் சட்டியைப் பார்த்தார், திலீபனின் ஓட்டைச் சட்டையைப் பார்த்தார். குனிந்து அடிக் கொத்துகளைத் தூக்கிப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"மாஷா அல்லாஹ், கீழுக்கு எவ்வளவு அழகா காய்ச்சிருக்கு! இதுக்கு மட்டும் சரியா செஞ்சிருக்கீங்களே."

"நான் என்னா மிஸ் செஞ்சேன்?"

"மூடின கூடாரத்துக்குள்ள காத்தும் இல்ல, வண்டும் இல்ல தானே. பூவுல இருக்கிற மகரந்தம் தானா உதிராது. நாளாந்தம் யாராவது இந்தக் கம்பியப் பிடிச்சு நல்லா உலுக்கிவிடணும். அப்பதான் பூ காயாகும்."

திலீபன் மேலே பார்த்தான். விறைத்துப்போன கம்பியில் அந்த நீலக் கிளிப் மட்டும் இருந்தது.

"பழைய கொத்துக்கெல்லாம் பிசகாம உலுக்கியிருக்காங்க," என்றார் றமீலா மிஸ், குடையை எடுத்துக்கொண்டு. "அது யாருண்ணே? மொதல்ல அந்த ஆளக் கூட்டிட்டு வாங்க, காயெல்லாம் அதுக்குப் பொறகுதான்."