தஹான் மலையில் பெண் கேட்ட கதை

நான் என் வாழ்க்கையில் இரண்டு முறை பெண் கேட்டிருக்கிறேன். இரண்டு முறையும் ஒரே பெண்ணைத்தான். யாரிடம் கேட்டேன் என்பதுதான் வேறு.

ஷீலாவும் நானும் கிள்ளானில் ஒரு சரக்கு அலுவலகத்தில் ஒன்றாக வேலை பார்த்தோம். அவள் பிரிக்பீல்ட்ஸ் பெண், ரயில்வே குடும்பம், மெதடிஸ்ட் சபை. நான் சுங்கை வே பையன், வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறவன் (அம்மா தவறாமல் துரத்துவார்). எங்கள் கல்யாணத்துக்கு அவளுடைய அம்மா சரி என்றுவிட்டார். அப்பா சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. ஓய்வு பெற்ற பிறகு மலை ஏறுவதையே முழுநேர வேலையாக வைத்துக்கொண்டவர் அவர். முதல் சந்திப்பில் என் தொப்பையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "மலை ஏறுவீங்களா தம்பி?" என்று கேட்டார்.

"ஏறுவேன் அங்கிள்."

செமினி பக்கம் ஒரு குன்றின் அடிவாரம்வரை போய், நாசி லெமாக் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிய அனுபவம் எனக்கு இருந்தது.

"அப்போ அடுத்த மாசம் தஹான் வாங்க. அங்க பேசிக்கலாம்."

தஹான், மலேசியத் தீபகற்பத்திலேயே உயரமான மலை. காட்டுக்குள் இரண்டு நாள் நடந்தால்தான் உச்சிக்குப் பக்கத்திலாவது போக முடியும். ஜூலையில் மழை குறைவு என்று எல்லாரும் சொன்னார்கள். மழையிடம் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

புறப்படும்போது ஷீலா ஒரே ஒரு கட்டளை போட்டாள். "அப்பாவுக்கு முட்டி வலி. வாயைத் திறந்து சொல்ல மாட்டாரு. இறங்கும்போது அவர் பையை நீங்க தூக்குங்க, பக்கத்துலயே இருங்க. அவரைப் பத்திரமா கொண்டு வந்துட்டா பாதி சரின்னு அர்த்தம்."

மொத்தம் இருபது பேர். ஒரு வேன் பிரிக்பீல்ட்ஸிலிருந்து, இன்னொன்று பந்திங்கிலிருந்து. எல்லாருக்கும் ஒரே மாதிரி ஆரஞ்சு மழைக்கோட் கொடுத்தார்கள். தலையை மூடிக் கயிற்றை இழுத்துக் கட்டினால் மூக்கு மட்டும் வெளியே தெரியும். மலாய்க்கார வழிகாட்டி ஒரு விதி சொன்னார்: காட்டுக்குள் யாரும் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. கூப்பிட்டால் வேறு ஏதாவது பதில் கொடுக்குமாம். நான் கவலைப்படவில்லை. வருங்கால மாமனாரைப் பேர் சொல்லிக் கூப்பிடும் தைரியம் எனக்கு நாட்டுக்குள்ளேயே கிடையாது.

மூன்றாம் நாள் காலை, நாக்கு வெளியே தள்ள உச்சியில் நின்றேன். பத்து நிமிடம் நல்ல வெயில். மலைத்தொடர் முழுக்கத் தெரிந்தது. அப்புறம் கீழேயிருந்து மேகம் ஏறி வந்து, எதிரே இருந்த ஆளை மறைத்தது. காற்று, மழை, தூரத்தில் இடி. "உடனே இறங்குங்க!" என்று வழிகாட்டி கத்தினார்.

நான் மழைக்கோட்டுக்குள் தலை எங்கே, கை எங்கே என்று போராடிவிட்டு வெளியே வந்தபோது, பனிமூட்டத்தில் எங்கு பார்த்தாலும் ஆரஞ்சு.

"அங்கிள்!" என்று கத்தினேன்.

"ஆ, வரேன்!" என்றது ஒரு ஆரஞ்சு. அதே உயரம். லேசாகக் கால் தாங்கிய நடை. ஓடிப்போய் அவர் பையைப் பிடுங்கி என் தோளில் மாட்டிக்கொண்டேன்.

இரண்டு மணி நேரம் இறங்கினோம். பாறையில் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். என் பிஸ்கட்டை எல்லாம் அவருக்கே கொடுத்தேன். மூன்று முறை நான் விழுந்தேன், அவரை ஒருமுறைகூட விழ விடவில்லை. அந்தப் பெருமையில் வாய் திறந்துகொண்டது.

"அங்கிள், நான் மலை ஏறுவேன்னு சொன்னது பொய். ஆனா உங்க பொண்ண நல்லா வச்சுக்குவேன். சண்டே ஆனா நானே சர்ச்சுல கொண்டுபோய் விடுவேன். உங்களப் பாத்தா பயமா இருக்கு அங்கிள். ஆனா அவ இல்லாம என்னால முடியாது."

அவர் நின்றார். என் தோளில் கை வைத்து அழுத்தினார். மறுபடி நடந்தார். நான் அழுதேன். சத்தியமாக அழுதேன்.

முகாமுக்கு வந்து கூடாரத்துக்குள் நுழைந்ததும் அவர் தலை மூடியைக் கழற்றினார். உள்ளே பெரிய மீசை இருந்தது. ஷீலாவின் அப்பாவுக்கு மீசை கிடையாது.

"தங்கமான பையன் லா நீ," என்றார், பந்திங்கில் லோரி ஓட்டி ஓய்வு பெற்ற அந்த அங்கிள். "எனக்கு ரெண்டும் பையனா போச்சு. பொண்ணு இருந்தா கண்ண மூடிக்கிட்டுக் குடுத்திருப்பேன்."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே அங்கிள்!"

"அழுதுகிட்டே பேசுற. நடுவுல எப்படி லா நிறுத்துறது? பையும் வேற தூக்குற."

ஷீலாவின் அப்பா முகாமில் இல்லை. இரண்டு பைகளையும் போட்டுவிட்டு, வழிகாட்டி தடுப்பதற்குள் வந்த வழியே மேலே ஓடினேன். பாதி ஏற்றத்தில் அவர் முட்டியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு அடியாக இறங்கி வந்துகொண்டிருந்தார். கடைசி ஆளாக.

"எங்கடா போன?" என்றார். "உன்னத் தேடி அவ்வளவு நேரம் மழையில நிக்கிறேன். தம்பி, தம்பின்னு கத்துறேன். நாலு பேரு வந்தானுங்க. நீ மட்டும் வரல!"

வலிக்கிற முட்டியோடு எனக்காக நின்றிருக்கிறார். அதைக் கேட்டபோது எனக்கு வெட்கமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. அவர் பையை வாங்கிக்கொண்டேன். இந்த முறை முகத்தைப் பார்த்துவிட்டு.

முகாமில் பந்திங் அங்கிள் நடந்ததை ஒன்று விடாமல் சொல்லி முடித்து, "சரின்னு சொல்லிடுங்க பாஸ். நான் எப்பவோ சொல்லிட்டேன்," என்றார்.

ஷீலாவின் அப்பா சூடான தேநீரை ஊதிக் குடித்தார். "என்கிட்ட இன்னும் யாரும் கேக்கவே இல்லையே," என்றார். சொட்டச் சொட்ட நனைந்துபோய், இருபது பேர் முன்னால், இரண்டாவது முறையாகப் பெண் கேட்டேன்.

கல்யாணத்துக்குப் பந்திங் அங்கிள் வந்து, பெண் வீட்டார் வரிசையில் முதல் நாற்காலியில் உட்கார்ந்தார். எங்கள் மகள் அவரை 'முதல் தாத்தா' என்றுதான் கூப்பிடுகிறாள். என் மாமனார் அந்தத் தஹான் நாளோடு என்னைத் தம்பி என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். போன வருடம் வேறொரு மலையில், நடுக்காட்டில், "குமரன்! டேய் குமரன்!" என்று தொண்டை கிழியக் கத்தினார். வழிகாட்டி பதறிப்போய் விதியை ஞாபகப்படுத்தினார்.

"வேற எது வேணா பதில் சொல்லட்டும்," என்றார் மாமனார். "இவன் வேற அங்கிள் கூடப் போகாம இருந்தா போதும்."