பின்னாலிருந்து கூப்பிடுகிறவர்

துடியலூரில் எங்கள் கார்ட்டூன் படக் கம்பெனியிலிருந்து ஒரே தடவையில் வாசலைத் தாண்டி வீடு போய்ச் சேர்ந்தவர் எவருமே கிடையாது. காரணம் ஒரே மனிதர். அவருடைய நிஜப் பெயர் எங்களுக்கு மறந்தே போய்விட்டது. ‘ஏனுங்க’ என்றால்தான் தெரியும்.

செருப்பை மாட்டி ஒரு காலை வெளியே வைத்ததும் உள்ளேயிருந்து குரல் வரும், “ஏனுங்க...” என்று. கிளம்பினவரைப் பின்னாலிருந்து கூப்பிட்டால் சகுனம் ஆகாதே. திரும்பி வந்து, உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்பவேண்டும். அதற்கென்றே அவர் மேஜையில் ஒரு செம்பு தயாராக இருக்கும். என் அன்னூர் பஸ் எத்தனை போயிருக்கிறது தெரியுமா? வயிற்றெரிச்சல்.

மேனேஜர் பெண் பார்க்கக் கிளம்பிய அன்றும் விடவில்லை.

“ஃபேனை நிறுத்தீட்டீங்களான்னு கேட்டனுங்க.”

“உங்க தலைக்கு மேலதானுங்க ஓடுது” என்றார் மேனேஜர்.

“அட ஆமாங்க. சரி, வந்தது வந்தீங்க, தண்ணி குடிங்க.”

அந்த இடம் அமையவில்லை. மேனேஜர் வந்து குதித்தார். “அந்தப் புள்ள தப்பிச்சுதுங்க” என்றார் இவர், தலை நிமிராமலே.

இப்படி இருக்கையில், ஜப்பானில் காலங்காலமாகச் சொல்லிவரும் கதை ஒன்றைப் படமாக்கும் வேலை அங்கிருந்தே வந்தது. மூங்கிலுக்குள் கிடைத்த குழந்தையை ஒரு கிழவனும் கிழவியும் வளர்க்கிறார்கள். வளர்ந்ததும் நிலவிலிருந்து ஆட்கள் வந்து அவளை அழைத்துப் போய்விடுகிறார்கள். கடைசிக் காட்சியில் கிழவனை வரைவது ஏனுங்க பொறுப்பு. கிழவன் வாய்மூடி நிற்கவேண்டும் என்பது ஜப்பான்காரர்கள் உத்தரவு. இவர் வரைந்த கிழவனோ வாயைத் திறந்து கூப்பிட்டுக்கொண்டிருந்தான். திருப்பி அனுப்பினார்கள். மறுபடியும் திறந்த வாய்தான் போயிற்று.

“வேலையே கைய விட்டுப் போயிருமுங்க. அந்த வாய மூடிப்போடுங்க” என்று மேனேஜர் கெஞ்சினார்.

ஏனுங்க பேனாவைக் கீழே வைத்தார்.

“எங்களுக்குக் கொழந்தை இல்லீங்க. தம்பி புள்ளையத்தான் கைக்கொழந்தையில இருந்து வளத்துனோம். என்னையத்தான் அப்பாம்பா. பள்ளிக்கூடம் சேக்கற வயசுல தம்பி வந்து கூட்டீட்டுப் போயிட்டானுங்க. படியெறங்கறப்பக் கூப்பிடலாம்னு வாயத் தொறந்தேன். போற புள்ளைய பின்னால கூப்புடாதீங்கன்னு ஊட்டுக்காரி என் வாயப் பொத்திப்போட்டா. கூப்புட்டிருந்தா திரும்பி வந்து, ஒக்காந்து, ஒரு வாய் தண்ணி குடிச்சிருப்பாளுங்க. அவ்வளவு நேரமாச்சும் எங்கூட இருந்திருப்பா. இப்பப் பெரியப்பாங்கறா.”

மேனேஜர் போய் ஃபேனை நிறுத்தினார். எதற்கென்று அவருக்கே தெரியாது.

மறுநாள் ஏனுங்க கிழவனின் வாயை மூடி வரைந்து கொடுத்தார். எங்கள் பிழைப்பும் அதில் மாட்டியிருந்ததே.

படம் முடிந்ததும் ஆபீசில் போட்டுப் பார்த்தோம். அவள் நிலவுக்குப் போகிறாள், கிழவன் பேசாமல் நிற்கிறான். ஏனுங்க சத்தமில்லாமல் எழுந்து செருப்பை மாட்டினார். அழுகிறார் என்பது முதுகைப் பார்த்தாலே தெரிந்தது.

“ஏனுங்க...” என்று முதலில் கூப்பிட்டது மேனேஜர்தான். பிறகு நாங்கள் எல்லோரும்.

திரும்பி வந்தார். உட்கார்ந்தார். ஒரு வாய் குடித்தால் போதும் என்பதுதான் வழக்கம். அவர் செம்புத் தண்ணீர் முழுவதையும் மெதுவாகக் குடித்து முடித்தார். நான் போய் இன்னொரு செம்பு நிறைத்துக்கொண்டு வந்தேன்.