ஊசி பூஜ்யத்தில் படுத்தது

"நூறு வாட் அனுப்பினா நாற்பது திரும்பி வருது!" என்று மீட்டர் ஊசியை முறைத்தார் தலைமைப் பொறியாளர். ஓய்வு பெற்று ஒன்பது வருடம். பதவி அவரை விட்டுவிட்டது. அவர்தான் பதவியை விடவில்லை.

"மீதி அறுபது ஆன்டெனா வழியா வெளிய போகுதுல்ல? அதுல பேசிடுங்க," என்றார் மனைவி.

"அரைகுறையா மன்னிப்புக் கேக்கற ஆள் நானில்ல."

மன்னிப்பு, தங்கையின் கணவரிடம். ஆறு வருடத்துக்கு முன், வீட்டிலிருந்தே வானொலியில் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளும் ஹாம் பிரியர்கள் அத்தனை பேரும் கேட்டுக்கொண்டிருந்த அலைவரிசையில், "மாப்பிள்ளை, உங்க ஆன்டெனாவில துணி காயப் போடுங்க" என்று சொல்லித் தொலைத்தார். அன்றிலிருந்து தங்கை இந்த வாசலை மிதிக்கவில்லை. நாளை மாப்பிள்ளை ஆன்டெனாக் கம்பத்தை இறக்கிவிட்டு, மகன் இருக்கும் நாட்டுக்கே போய்விடுகிறார்.

போனில் கேட்டால் போதாதாம். "பத்துப் பேர் கேக்கத்தானே அவமானப்படுத்தினே? பத்துப் பேர் கேக்கவே மன்னிப்புக் கேளு," என்றுவிட்டாள் தங்கை. "சாயங்காலம் அஞ்சு மணிக்குக் காத்திருப்பார். நீ கேட்டா, போற வழியில உன் வீட்டுக்கு வந்துட்டுப் போறோம்."

மூன்று மணிக்கு மாடியேறி ஆன்டெனாக் கம்பியில் ஒரு சாண் வெட்டினார். திரும்பி வந்தது ஐம்பது. வெட்டியதையே ஒட்டினார். அறுபது. கேபிளை மாற்றினார். ஊசி அசையவில்லை, சுவரிலிருந்த அவருடைய பாராட்டுப் பத்திரம்தான் விழுந்து உடைந்தது.

மீட்டரே பொய் சொல்கிறதோ? மேசையிலிருந்த சோதனை டப்பாவின் பக்கம் குமிழைத் திருப்பிப் பார்த்தார். எண்ணெய் நிரப்பிய அந்த டப்பா, கொடுத்த சக்தியையெல்லாம் விழுங்கிச் சூடாகும். வெளியேயும் விடாது, திருப்பியும் தராது. ஊசி பூஜ்யம். மீட்டர் யோக்கியன்தான்.

மறுபடி மாடிக்கு ஓடி, கம்பியை முறுக்கி, முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு இறங்கியபோது மணி ஐந்தடித்தது. மைக்கை அழுத்தினார். ஊசி பூஜ்யத்தில் படுத்துக் கிடந்தது.

"பாத்தியா! ஒரு சொட்டுத் திரும்பி வரல. முப்பத்தாறு வருஷ அனுபவம்!"

வானமே மூச்சடக்கிக் காத்திருந்ததுபோல் ஸ்பீக்கரில் அப்படியோர் அமைதி. மேடைப் பேச்சாகத்தான் தொடங்கினார். நடுவில் மேடையிலிருந்து இறங்கிவிட்டார்.

"மாப்பிள்ளை, உங்க ஆன்டெனா நல்லாத்தான் இருந்துச்சு. என்னோடதைவிடத் தெளிவா கேட்டுச்சு. அந்தப் பொறாமையில சொல்லிட்டேன். தப்பு என்மேலதான்."

கடைசி வாக்கியத்தை மனைவி கல்யாணமான நாளாகக் கேட்டதில்லை. கண்ணைத் துடைத்தவருக்கு டப்பாவின் அடியில் மேசை விரிப்பு கருகும் வாடை வந்தது. தனக்குத் தெரிந்தவரை, டப்பாவின் பக்கம் இருந்த குமிழை மறுபக்கம் திருப்பிவிட்டு, ஈரத்துணி எடுக்க உள்ளே போனார்.

பொறியாளர் பதிலுக்குக் காத்திருந்தார். ஒரு நிமிடம். ஐந்து நிமிடம். ஸ்பீக்கரில் வெறும் கரகரப்பு. நெஞ்சிலிருந்த ஈரம் காய்ந்து, பழைய தலைமைப் பொறியாளர் எழுந்து உட்கார்ந்தார். மைக்கை அழுத்தியதும் ஊசி அறுபதுக்கு எகிறியதைக்கூட அவர் பார்க்கவில்லை.

"போங்க மாப்பிள்ளை! அந்த ஆன்டெனாவில துணியே காயப் போடுங்க!"

அரை நிமிடத்தில் போன் அடித்தது. தங்கை.

"அண்ணா, அஞ்சு மணியிலேருந்து ரெண்டு பேரும் காதை ஒட்டி வச்சு உக்காந்திருந்தோம், ஒரு சத்தமும் இல்ல... கடைசியில அந்தத் துணி மட்டும்தான் வந்து சேந்துச்சு."